அவித்த முட்டையின் வாசனை

அவித்த முட்டையின் ஓட்டை உரித்ததும் எழும் அந்த வாசனைக்கு முகம் சுளிப்பவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எங்கள் வீட்டுக்குள் ஒரு கோடையில் அந்த வாசனை நுழையக்கூடாது என்றிருந்தது. நுழைந்த பிறகுதான் என் அக்கா பிழைத்தாள்.

பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம் எங்களுடையது. பெரியம்மை இன்னும் ஒழியாத அறுபதுகளில், தனம் அக்காவுக்கு அம்மை கண்டது. "ஆத்தா வந்துகீறா" என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளையைக் காப்பாற்று, ஆடியில் கூழ் ஊற்றும்வரை வீட்டில் மீன், முட்டை என்று எந்தக் 'கவுச்சி'யும் புழங்காது, பூண்டு வெங்காயம்கூட உரிக்கமாட்டோம் என்று அவர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். பிடித்த மீனையெல்லாம் கரையிலேயே விற்றுவிட்டு, தலைமுழுகி, வெறும் கூடையோடு வீட்டுக்கு வருவார்.

அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. அக்காதான் எழுந்திருக்கவில்லை. கஞ்சியும் மோரும் குடித்துக் குடித்து எலும்பும் தோலுமானாள். முதுகுப் புண்கள் ஆறவில்லை, தலைமுடி பாயில் கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடந்தது. ஆடி வரவோ இன்னும் மாதங்கள் இருந்தன. ஊருக்கு வந்த நர்ஸம்மா அவளைப் பார்த்துவிட்டு, "மீனு, முட்டை ஒண்ணும் குடுக்காம புண்ணு எப்டிம்மா ஆறும்? ஆடி வரைக்கும் இந்தப் புள்ள தாங்காது" என்று சொல்லிப் போனார். தெய்வகுத்தம் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று அம்மாவுக்கு அன்று சோறே இறங்கவில்லை.

பின்தெருவில் கோழி வளர்த்த மேரியம்மா மாதாகோயிலுக்குப் போகிறவர். "வேண்டுதலு உங்க ஊட்டுக்குத்தானே, எங்க ஊட்டுக்கு இன்னா?" என்று அவர்தான் வழி சொன்னார். நைனா படகேறிப் போனதும் அம்மா அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே போய், முட்டையும் பூண்டு ரசமும் ஊட்டி, வேப்பங்குச்சியால் வாயைத் தேய்த்துவிட்டுத் தூக்கிவருவாள். எவ்வளவு தேய்த்தால்தான் என்ன, அந்த வாசனை போகுமா?

ஒருநாள் சீக்கிரம் திரும்பிய நைனா, அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தவர், அவள் மூச்சில் அந்த வாசனையை முகர்ந்துவிட்டார். அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு அடி விழும் என்று நான் பயந்தேன். அவரோ வாசலுக்குப் போய் வேப்பிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வேண்டிக்கினது நானு. புள்ள இன்னா பண்ணுச்சு? அவ துன்னட்டும். அவ பங்கையும் சேத்து நான் கவுச்சி தொடாம இருந்துட்றேன். ஆடியோட இல்ல, உசுரு இருக்கற வரைக்கும்."

மறுநாள் எங்கள் அடுப்பிலேயே முட்டை வெந்தது. ஆடிக் கூழின்போது அக்காவின் புண்கள் ஆறி, தலையில் பூனைமயிர் போல முடி துளிர்த்திருந்தது.

தோல், முடி, நகம் எல்லாவற்றையும் கட்டும் புரதத்தில் கந்தகம் இருக்கிறது, அதை மீன், முட்டை, பருப்பு என்று சாப்பாட்டிலிருந்துதான் உடம்பு எடுத்துக்கொள்கிறது என்று பின்னாளில் படித்தேன். முட்டைக்கும் பூண்டுக்கும் அந்த வாசனையைத் தருவதும் கந்தகம்தானாம். ஆத்தாவுக்கு ஆகாது என்று நாங்கள் வாசலில் நிறுத்தியது அக்காவுக்கு வேண்டிய சத்தைத்தான். நைனாவிடம் சொன்னேன். "இருக்கட்டும், குடுத்த வாக்கு குடுத்ததுதான்" என்றார். மடவை மீன் என்றால் உயிரை விடும் மனிதர், காலமெல்லாம் மடவை பிடித்து விற்றுவிட்டு மோர்ச்சோறு சாப்பிட்டார்.

இன்று பெரியம்மை உலகத்திலேயே இல்லை. மேரியம்மாவின் பிள்ளைகள் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். பின்தெருவில் கோழிச் சத்தமே கிடையாது. நைனாவும் போய்விட்டார். வருஷா வருஷம் அவருக்குப் படைக்கும் நாளில், நரைத்த கொண்டையோடு அக்கா அவர் படத்துக்கு முன் இலை போட்டு, மடவைக் குழம்பும் அவித்த முட்டையும் வைக்கிறாள்.

"துன்னு நைனா" என்பாள். "ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா."