பாடாத பெட்டி

திருமலைக்குப் பேச்சு குறைவு. அவனுக்கும் சேர்த்து இந்தக் காவேரிதான் பேசியாக வேண்டும். ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் இரண்டு பேரும் சுவர்க்கோழிப் பூச்சி வளர்க்கிறோம். சிரிக்காதீர்கள். கூண்டுப் பறவைக்கும் வண்ண மீனுக்கும் அதுதான் தீவனம். ஆண் பூச்சி இறக்கையை உரசிப் பாடும். பெட்டை அந்தச் சத்தத்தைத் தேடி வரும். அப்புறம் தென்னைநார்த்தூள் தட்டில் முட்டை வைக்கும். எங்கள் பிழைப்பு அந்த முட்டையில்.

திருமலை வடக்குப்பட்டுக்காரன். வயது முப்பத்தைந்து. அப்பா அம்மா இல்லை. முன்பு ஒரு கம்பெனி லைனில் ஓ.டி. மேல் ஓ.டி. பார்த்தவன். இருமல் வந்தது, டிபி என்றார்கள். ஆறு மாதம் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை விழுங்கி முழுசாகக் குணமானான். நோய் போனது, பேர் போகவில்லை. முதலில் பெண் பார்த்த இடத்தில் உண்மையைச் சொன்னான். காபி ஆறுவதற்குள் எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த முறை காஞ்சிபுரம் பக்கத்துப் பெண், மஹாலட்சுமி. தட்டு மாற்றியாயிற்று. தினமும் டீ நேரத்தில் அவளிடமிருந்து போன் வரும். சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்று சிரித்துச் சிரித்துப் பேசுவான். திருமலைக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குன்றத்தூரில் தனி வீடு பிடித்து, இரண்டு பர்னர் அடுப்பும் வாங்கிப் போட்டான். டிபி விஷயம் மட்டும் அவளுக்குத் தெரியாது. அவன் அக்கா ஜெயலட்சுமி கையிலடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்றாங்க. நீ பொய்யே சொல்ல வேணாம்டா. வாய மூடிக்கினு இரு, போதும்."

சொல்வதா, விடுவதா என்று அவன் மதியச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். பார்க்கிற எனக்குத்தான் சாப்பாடு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் மூலையிலிருந்த பூச்சிப் பெட்டி ஒன்று ஊமையாயிற்று. ஆண் பூச்சிகள் எல்லாம் உள்ளே வைத்திருந்த கோழிமுட்டை அட்டைக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தன. எங்கள் சூப்பர்வைசர் அஸ்வினுக்கு ஒரே சட்டம். சத்தம் போட்டால் சுகம், போடாவிட்டால் சீக்கு. "தூக்கிக் கொட்டுப்பா" என்றார். "தனியா வெச்சிப் பாக்கறேன் சார்" என்று திருமலை கெஞ்சி, பெட்டியை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அஸ்வினோ நன்றாகப் பாடும் ஆண்களாகப் பொறுக்கி மற்ற எல்லாப் பெட்டிகளிலும் விட்டார். கொட்டகையில் காதைப் பிளக்கும் சத்தம். எனக்கு மண்டைவலி வந்ததுதான் மிச்சம். பாட்டு இருந்ததே தவிர, ஒரு தட்டிலும் முட்டை இல்லை.

பூச்சி டாக்டர் சுபஸ்ரீயை வரவழைத்தார்கள். ஊமைப் பெட்டியில் ஒன்றிரண்டையும் பாடுகிற பூச்சிகளில் சிலதையும் கீறிப் பார்த்தார். பாடுகிறதுகளுக்கு உள்ளே கொழுப்பு வீங்கி நீலம் பாய்ந்திருந்தது.

"வைரஸ். இது உடம்பை எதிர்த்து நிக்கவே விடாது. அதனால சீக்கு வந்ததே பூச்சிக்குத் தெரியாது. முன்னைவிட அவசரமா ஜோடி சேரும், சேரும்போது அடுத்ததுக்கு ஒட்டும். பெட்டைக்கு முட்டையே உண்டாகாது."

அஸ்வின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ அந்த ஊமைப் பெட்டி மேடம்?"

"அதுல வேற கிருமி. உடம்பு அதோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. இருக்கற தெம்பெல்லாம் அதுக்கே போயிடுது, பாட்டுக்கு மிச்சமில்ல. பொழைச்சதுங்க மறுபடி பாடும்."

கேள்வியே கேட்காத திருமலை கேட்டான். "பாடுனா பொட்டை வருமா மேடம்?"

"வரும். முன்னாடி சீக்கு இருந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பூச்சியைத்தான் சொன்னார். திருமலை தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் பாடுகிற பெட்டிகளில் எல்லாம் வெந்நீர் ஊற்றினோம். கொட்டகை அடங்கிப்போனது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் அவன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் மஹாலட்சுமிக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் "சரிங்க" என்றாளாம். அவ்வளவுதான். அதற்கப்புறம் டீ நேரத்தில் போன் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் அவன் அக்காதான் கூப்பிட்டாள். ஜாதகம் பொருந்தவில்லையாம். தட்டு மாற்றின பிறகு ஜாதகமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனையே பிடித்துக் கத்தினேன்.

"உனக்குத்தான் சுத்தமா கொணமாயிடுச்சே! யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்பாலிக்கா இன்னாத்துக்குடா வாயத் தொறந்த?"

"ஒட்டாது காவேரிக்கா, தெரியும். ஆனா சாப்டியா, தூங்குனியான்னு டெய்லி கேட்டுக்கினே இருந்தா. அவளாண்ட இத்த மட்டும் மறைச்சிட்டு எப்டிக்கா குடும்பம் நடத்தறது?"

நான் திட்டிக்கொண்டே அழுதேன். அவன் அழவில்லை.

கொஞ்ச நாளில் ஸ்டோர் ரூமிலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். ஊமைப் பெட்டியில் ஒரு ஆண் பாடிக்கொண்டிருந்தது. பெட்டைகள் அட்டை மேலேறி அதனிடம் போய்க்கொண்டிருந்தன. பிறகு தட்டில் முட்டையும் வந்தது. கொட்டகை பிழைத்தது, அஸ்வின் எல்லோருக்கும் மிக்சர் வாங்கித் தந்தார். திருமலை தன் பங்கை என்னிடம் கொடுத்துவிட்டு, டீ நேரத்துக்குச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய் நின்றான். பழக்கம்.

போன ஞாயிறு மீன் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு குன்றத்தூருக்குப் போனேன். எனக்கு டீ போட்டான். அடுப்பில் ஒரு பக்கம் பால் பொங்கிக் கருத்திருந்தது. மறு பக்கம் கடையில் ஒட்டின ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை.

"அந்தப் பக்கத்துல கொழம்ப வெச்சி சூடு பண்ணுடா."

"இருக்கட்டும்க்கா," என்றான். "டீய எறக்கிட்டு இதுலயே வெச்சிக்கறேன்."