துணி ரோலின் மேல் போட்ட பழி

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. வேலம்பாளையத்தில் ஒரு தகரக் கொட்டகையில் ஒற்றைத் தையல் மெஷின் போட்டேன். பேங்கில் கையை விரித்தார்கள், பங்காளிகள் சிரித்தார்கள். இன்று பனியன் கம்பெனி; நிட்டிங், கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். மகனை எம்.பி.ஏ. படிக்க வைத்தேன். இத்தனையும் கட்டியவனை ஒரு தொடை வீக்கம் உட்கார வைத்துவிட்டது.

என் மனைவிக்குத்தான். குடோனில் அடுக்கியிருந்த துணி ரோல் சரிந்து அவள் தொடையில் இடித்தது. பிறகு அந்த இடம் வீங்கியது. ஆஸ்பத்திரியில், அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். கறுத்த ரத்தம். மறுபடி வீங்கியது, முன்னைவிடப் பெரிதாக.

டாக்டர் திரும்பவும் ஊசியை எடுத்தபோது நான் குறுக்கே போனேன்.

"டாக்டருங்க, அது பனியன் துணிங்க, மெத்தையாட்ட இருக்கும். எம்மேல எத்தனையோ ரோல் உழுந்திருக்குதுங்க. தோலு கன்னிப்போயி, பச்சையாகி, மஞ்சளாகி, வத்திரும். இவளுக்குத் தோலு நெறமே மாறலீங்க. வீக்கம் மட்டும் வளருது."

"அப்பா, இது உங்க கட்டிங் டேபிள் இல்லீங்க. சும்மா இருங்க" என்றான் மகன்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார்.

கட்டிய ரத்தத்தின் ஓரத்தில் ஏதோ தடித்துத் தெரிந்தது. அதில் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். சதையில் வருகிற புற்றுநோய். அதுதான் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, அந்த ரத்தத்துக்குள்ளேயே மறைந்து கிடந்திருக்கிறது. ரோல் இடித்தது தற்செயல்.

மார்பில் வரும், வயிற்றில் வரும், தொண்டையில் வரும் என்று கேட்டிருக்கிறேன். தொடைச் சதையிலுமா வரும்?

அவள்தான் முதலில் பேசினாள். "ஏனுங்க, ரோல் அடுக்குன அந்தப் பீகார்க்காரனப் போட்டு அந்தத் திட்டுத் திட்டுனீங்களே, பாவம்!"

ஆபரேஷனில் கட்டியை முழுசாக எடுத்தார்கள். கால் தப்பியது. கரன்ட் வைத்தியமும், அதுதான் கதிர்வீச்சு, முடிந்தது. இப்போது கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள். பார்க்க வருகிறவர்களிடம், "டாக்டரும் முருகனுந்தான் காப்பாத்துனாங்க" என்கிறாள். மகனும் தலையாட்டுகிறான்.

இருக்கட்டும். கண்டுபிடித்தது டாக்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊசியை நிறுத்தியது யார்? இனி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் டாக்டருக்கும் முருகனுக்கும் நடுவில் என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.