வேலிப் பொட்டும் கீச்சான் குருவியும்

இன்று காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது முருங்கை மரத்துப் பக்கமிருந்து ‘கிர்ர்ர்... கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம், யாரோ பழைய தகரத்தைச் சுரண்டுவது போல. வாயில் நுரையோடு முற்றத்துக்கு ஓடினேன். அதே குருவிதான்! பழுப்பு முதுகு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, நுனி வளைந்த அலகு. மின்கம்பியில் குந்தியிருந்து, வாலை ஆட்டியபடி என்னை முறைத்தது. வடக்கே எங்கோ குளிர் தொடங்கியதும் புறப்பட்டு, கடலைத் தாண்டி மன்னாருக்கு வந்துவிடுகிற ஆள். அது வந்த சந்தோசத்தில் பாதி நுரையை விழுங்கிவிட்டேன்.

வாய் கொப்பளிக்கும்போது, இந்தத் தண்ணீர் உப்பில்லையே என்று நாக்குக்கு ஒரு நினைப்பு. முதல் வேலை கிடைத்து, பாப்பாமோட்டைப் பக்கம் செல்வமக்கா வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தில், அந்த வீட்டுக் கிணற்றில் வாய் கொப்பளித்தால் கடலில் விழுந்து எழும்பியது மாதிரி இருக்கும். நல்ல தண்ணீர் பக்கத்து வளவில், லெட்சுமியின் கிணற்றில் இருந்தது. லெட்சுமியின் குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியது. இரண்டு வளவுக்கும் நடுவில் முட்கம்பி வேலி, அதில் ஒரு பொட்டு. பொட்டு என்றால், ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு வேலியில் விடுகிற வழி. காலையில் அதனூடாகக் குடம் போகும். பின்னேரம் மீன்குழம்புச் சட்டி போகும். கதை நாள் முழுக்கப் போய் வரும்.

அந்தப் புரட்டாதியில் ஒரு காலை, வேலி முள்ளில் குட்டித் தவளை ஒன்று குத்தப்பட்டுத் தொங்கியது. மறுநாள் வெட்டுக்கிளி. பிறகு தலையில்லாத பல்லி! செல்வமக்காவின் முகம் இருண்டுவிட்டது. பசுவின் கன்று செத்தது, மகனின் வெளிநாட்டுப் பயணம் தள்ளிப்போனது, எல்லாவற்றுக்கும் இப்போது காரணம் கிடைத்துவிட்டது.

“உது செய்வினை, பிள்ளை. ஆரோ மந்திரிச்சுக் குத்தியிருக்கினம்.”

“ஆர் அக்கா?”

அக்கா அடுத்த வளவைப் பார்த்தார். அன்றே உடைமரக் கொப்புகளை முள்ளோடு வெட்டி இழுத்துவந்து பொட்டை அடைத்தார். அந்தப் பக்கம் லெட்சுமி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “நான் என்னங்கக்கா செஞ்சேன்?” என்று கேட்டாள். அக்கா திரும்பவில்லை. எனக்கு அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. அன்று உப்புத் தண்ணீரில் தேநீர் குடித்தோம்.

மறுநாள் பார்த்தால், பொட்டை அடைத்த அதே உடைமுள்ளில் ஒரு வெட்டுக்கிளி! காலை இன்னும் உதறிக்கொண்டிருந்தது. செய்வினைக்காரர் இப்போதுதான் போயிருக்க வேண்டும். காகத்தையும் கோழியையும் தவிர வேறு பறவை தெரியாத நான், கந்தோரில் வேலை இல்லாத நாளாகப் பார்த்து, கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் காவல் இருந்தேன். எறும்பு கடித்த இடங்களை இங்கே எழுத முடியாது.

வந்தது ஒரு குருவி! வேலிக்கட்டையின் உச்சியில் குந்தியது. இன்னொரு குருவி கிட்ட வர, கத்திக் கலைத்தது. பிறகு பொத்தென்று நிலத்தில் விழுந்து, அலகில் ஓணான் குட்டியோடு எழும்பியது. நான் பூனை நடை நடந்து போய், மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்காவைக் கையில் பிடித்து இழுத்துவந்தேன். கிணற்றடியில் நின்ற லெட்சுமிக்குக் கையைக் காட்டினேன். மூன்று பேரும் மூச்சை அடக்கி நின்றோம். குருவி ஓணானை முள்ளில் வைத்து அழுத்தியது, இழுத்தது, மறுபடி அழுத்தியது. குத்தியேவிட்டது!

“அட சண்டாளப் பயலே!” என்றாள் லெட்சுமி.

செல்வமக்கா செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வேலிக்குக் கிட்டப் போனார். “லெட்சுமி, என்னிலை கோவிக்காதை.”

“போங்கக்கா. கொடத்தக் கொண்டாங்க மொதல்ல.”

கைப்பேசியில் தேடிப் பெயரைப் பிடித்தேன்: பழுப்புக் கீச்சான். அலகு பருந்தினுடையது மாதிரி, காலோ சின்னக் குருவியின் கால். பிடித்ததை மிதித்துக் கிழிக்கப் பலமில்லை. அதனால்தான் முள்ளில் மாட்டித் தின்கிறது, மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறது. தனியாகத்தான் இருக்கும். சித்திரையளவில் போய், அடுத்த முறை பெரும்பாலும் அதே இடத்துக்கே திரும்பி வரும். இதையெல்லாம் கோயில் பிரசங்கம் மாதிரி நான் போகிற இடமெல்லாம் சொல்ல, கந்தோரில் எனக்கு ‘குருவி மிஸ்’ என்று பெயர் வந்தது.

உடைமுள்ளை எடுக்க இருவருக்கும் மனம் வரவில்லை. “அவன் வைச்சுத் தின்னுற குசினியை ஏன் குழப்புவான்?” என்று செல்வமக்கா சொல்ல, சற்றுத் தள்ளிப் புதிய பொட்டு ஒன்று வெட்டினார்கள். அடுத்த வருடமும் குருவி வந்தது. யார் முதலில் கண்டது என்று பொட்டடியில் இருவருக்கும் ஒரே சண்டை.

இன்று வாயைத் துடைத்த கையோடு செல்வமக்காவுக்கு அழைப்பு எடுத்தேன்.

“அக்கா, ஆள் வந்திட்டார்!”

“அங்கையோ? இஞ்ச இப்ப வாறேல்லை, பிள்ளை. மகன் காசனுப்பி, வேலியை எடுத்து மதில் கட்டியாச்செல்லே. பைப்புத் தண்ணியும் வந்திட்டுது.”

“லெட்சுமி கண்டிருப்பா, கேட்டுப் பாருங்கோவன்.”

அக்கா பைப்பை மூடுகிற சத்தம் கேட்டது.

“அவளைக் கண்டு கனநாள், பிள்ளை” என்றார்.