எல்மாவின் ஹேண்டில்பாரும் கரடி மணியும்

எல்மா ராட்டிகைனனுக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்தோரு வருடம் ஊர் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, திருப்பிப் படுக்க வைத்தவள். முதுகு தப்பித்தது, கழுத்து மாட்டிக்கொண்டது. மகன் விட்டுப்போன பழைய நீல மவுண்டன் பைக்கில் குனிந்து உட்கார்ந்தால் முன்சக்கரம் மட்டும்தான் கண்ணில் படும். தலையைத் தூக்கினால் பிடரியில் குத்தும். போன வாரம் ஒரு மான்மேலேயே ஏற்றப் பார்த்தாள். மான்தான் ஒதுங்கிக்கொண்டது.

"என்னை மாதிரி மூணு சக்கரத்துல ஒண்ணு வாங்கிக்கோயேன். ராணியாட்டம் உக்காந்து போலாம்" என்றாள் நாத்தனார் ஹில்யா.

"அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல ராணி நுழைய முடியாதே."

எந்த இரண்டு மரம் என்று ஹில்யா கேட்கவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து அந்த வடகோடியில் ஒருவரிடம் சம்பளத்தைக் கேட்கலாம், மலச்சிக்கலைக் கூட விசாரிக்கலாம். திம்பிள்பெர்ரி எங்கே பறிக்கிறீர்கள் என்று கேட்பவன் மட்டும் மனுஷன் இல்லை. காட்டில் தானாக விளையும் அந்தச் சிவப்புப் பழம் ஜூலை கடைசியில் பழுத்துப் பத்தே நாளில் உதிர்ந்துவிடும். காரில் போனால், சாலையோரம் நிற்கும் காரே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் பைக். பழம் பழுக்க இன்னும் ஒரு வாரம்தான். அதற்குள் ஹேண்டில்பார் உயராவிட்டால், ஒன்று இந்த வருடம் ஜாம் கிடையாது. இல்லை, இருபத்திரண்டு வருட ரகசியம் ஊர்ச்சொத்து.

பைக் கடைக்காரர் நூற்றெண்பது டாலர் கேட்டார். எல்மா அவரைக் காய்ச்சல்காரரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டின் உச்சியில் ஒரு போல்ட். அதை நாலு சுற்றுத் தளர்த்தி, மேலே மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே இறுகியிருந்த ஆப்பு விட்டுக்கொடுத்தது. துருவுக்கு எண்ணெய் விட்டு, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அசைத்தாள். தண்டு மேலே வந்தது, இதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று அதில் பொறித்திருந்த கோடு வரைக்கும். நடக்க உதவும் வாக்கரின் கால்களிலும் அதே மாதிரி கோடு உண்டு. அதை மதிக்காத ஒருவரின் இடுப்பு என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியும். கோடு வெளியே தெரிவதற்குள் நிறுத்தி இறுக்கினாள்.

ஏறி மிதித்தாள். பைக் நகரவில்லை. முன்பிரேக் கேபிள் அந்தத் தண்டிலிருந்த துளை வழியாகத்தான் இறங்குகிறது. தண்டை ஏற்றியதும் கேபிள் இழுபட்டு, பிரேக் சக்கரத்தைக் கவ்விவிட்டது. இத்தனைக்கும் ஏறியது மூன்று விரல் உயரம். கழுத்து கேட்டது ஒரு சாண்.

சனிக்கிழமை, கேபிளைக் கழற்றிவிட்டு, பைக்கை உருட்டிக்கொண்டே குப்பைக் கிடங்குக்குப் போனாள். அங்கே, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ள நல்ல சாமான்களைத் தனியாக வைத்திருப்பார்கள். காவலுக்கு இருந்தவர் டோய்வோ கெம்பைனன். எல்மாவின் பழப் புதர் எங்கே என்று இருபது வருடமாகத் தூக்கம் கெட்ட மனிதர்.

"என்ன எல்மா, புதையல் தேடுறியா?"

"ஹேண்டில்பார். மேல வளைஞ்சதா."

அவர் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளின் ஹேண்டில்பாரைக் கொண்டுவந்தார். மாட்டுக்கொம்பு போல மேலேறிப் பின்னால் வளைந்திருந்தது. "ஓசிதான். நீளமா ஒரு கேபிளும் கெடக்கு. நானே மாட்டித் தரேன்."

"என்ன திடீர்னு பாசம்?"

"நீ கழுத்து வலியோட கஷ்டப்படுறத பாக்க முடியல."

"ரெண்டு வருஷமா நல்லாத்தானே பாத்துட்டிருந்த."

வேலை சுத்தமாகத்தான் இருந்தது. தண்டின் வாயை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி வளைவை நுழைத்தார். பிரேக் பிடிகளை மாற்றினார். புதுக் கேபிளைத் தண்டில் விடாமல், கீழே பைக்கின் கழுத்தில் ஒரு கொக்கி போட்டு அதன் வழியாக இறக்கினார்.

"தண்ட இன்னும் ஒரு விரல் இழுக்கவா?"

"கோட்டத் தாண்டக் கூடாது."

"பயந்தாங்கொள்ளி."

"இடுப்பு ஒடையாத பயந்தாங்கொள்ளி."

கடைசியில் அவர் ஹேண்டில்பாரில் ஒரு மணியைக் கட்டினார். பசுமாட்டுக்குக் கட்டுகிற அளவு. "கரடி மணி. சத்தம் கேட்டா காட்டுல கரடி ஒதுங்கிப் போயிரும்."

"நான் காட்டுக்குப் போறேன்னு உனக்கு யாரு சொன்னா?"

டோய்வோவின் காது சிவந்தது. எல்மா நன்றி சொல்லிவிட்டு, கணகணவென்று வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை டோய்வோவின் வண்டி தேவாலயத்துக்குப் பின்னால் நின்றது. கண்ணாடிகள் இறக்கியிருந்தன. எல்மா மணியை அவிழ்த்து ஹில்யாவின் மூன்று சக்கரத்தில் கட்டினாள்.

"எதுக்குடி இது?"

"கரடிக்கு. பழைய ரயில் பாதையில ஒரு சுத்து போயிட்டு வா."

"பழைய ரயில் பாதையில கரடி ஏது?"

"இன்னிக்கு ஒண்ணு வரும். வழுக்கைக் கரடி."

ஹில்யாவுக்குப் புரிந்துவிட்டது. "எவ்வளவு தூரம் இழுக்கணும்?"

"சதுப்பு வரைக்கும். கூடைய வெளிய தெரியற மாதிரி வெச்சுக்கோ. அங்கங்க நின்னு புதரைப் பாரு."

மணிச்சத்தம் கிழக்கே போனது. கொஞ்ச நேரம் கழித்து வண்டியும் மெதுவாகக் கிழக்கே போனது. எல்மா மேற்கே திரும்பினாள். நேராக உட்கார்ந்திருந்தாள். சாலை முழுவதும் தெரிந்தது. தபால் பெட்டியில் யாருடைய பெயர் அழிந்திருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. அந்த இரண்டு மரங்களுக்கு நடுவே நுழையும்போது விரல்முட்டி மட்டும் பட்டையில் உரசியது. நாலு மணி நேரத்தில் ஒரு வாளி.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து காப்பி மேசை. டோய்வோவின் முகம் கொசுக்கடியில் ரொட்டிமாவு போல உப்பியிருந்தது; இடது கண் பாதிதான் திறந்தது. எல்மா அவர் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"சொறியாத. பேக்கிங் சோடாவக் கொழச்சுப் பூசு." மணியை அவர் தட்டருகே வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்ன ஜாம் பாட்டில். "மாட்டித் தந்ததுக்கு."

அவர் ரொட்டியில் தடவி ஒரு வாய் கடித்தார். கண்ணை மூடினார். அந்த ருசியில் புத்தி தவறிவிட்டது.

"எங்க பறிச்ச?"

போதகர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். யாரோ ஒரு பெண்மணி "அடக் கடவுளே" என்றாள்.

"காட்டுல" என்று சொல்லிவிட்டு, எல்மா சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.