இரவல் ஸ்கீயும் என் முட்டியும்

கலிபோர்னியாவின் தாஹோ பனிமலையில் நான் ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையோடு நிற்கும் போட்டோக்கள் மதுரைச் சொந்தங்களிடையே பிரபலம். உண்மையில் அதைக் காலில் மாட்டியதே இல்லை. யாரோ சுவரில் சாய்த்து வைத்த ஸ்கீயைப் பிடித்துக்கொள்வேன், மனைவி படமெடுப்பாள். பிறகு மில்பிடாஸ் வீட்டிலிருந்து கட்டிவந்த புளியோதரையை, விரல் விறைக்க விறைக்க, பார்க்கிங்கில் சாப்பிடுவோம். அந்த ருசி இன்னும் நாக்கிலேயே இருக்கிறது.

ஒரு வருடம் ஸ்கீக்குச் சொந்தக்கார அம்மாள் வந்துவிட்டார். திட்டவில்லை. என் பத்து வயது மகளிடம், "என் பொண்ணோட பழைய ஸ்கீ கார்ல இருக்கு. அந்தச் சின்ன மேட்டுக்கு டிக்கெட்டே வேண்டாம். கத்துத் தரட்டுமா?" என்றார்.

"டாட், ப்ளீஸ்!" என்று மகள் என் கையை இழுத்தாள்.

அதுவரை டிக்கெட் விலையைக் காட்டியே தப்பித்தவன் நான். இலவசம் என்றதும் அந்தச் சாக்கும் போய், வெட்கம் பிடுங்கித் தின்றது. "அதெல்லாம் நமக்கு ஒத்து வராதும்மா. முட்டி போயிடும்," என்றேன். அன்று மகள் புளியோதரையைத் தொடவில்லை.

போன மாதம் மகள் கல்லூரியிலிருந்து போன் செய்து, ஸ்கீ கிளப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். அந்த நாளுக்காக மன்னிப்புக் கேட்டேன்.

"டாட், அது உங்க முட்டி," என்றாள். "என் முட்டி அப்பவே நல்லாத்தான் இருந்துச்சு."