பதினேழு அக்கா சமைத்த சால்மன்

டிப்போவில் அவளுக்குப் பெயர் பதினேழு அக்கா. பதினேழாம் எண் பேருந்தை வருடக்கணக்காக ஓட்டியதில் ஒட்டிக்கொண்ட பெயர். மேலாளரிலிருந்து வண்டி கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா என்பதே சந்தேகம். நல்ல வாயாடி. கடைசி இருக்கையில் காலைத் தூக்கி வைத்திருப்பவனை, தலையைத் திருப்பாமலே கண்ணாடியில் பார்த்து ஒரு அதட்டல் போடுவாள். அவன் காலோடு சேர்த்து வாலையும் சுருட்டிக்கொள்வான். அந்த வாய் சில வாரங்களாக மூடிக் கிடந்தது.

நடந்தது இதுதான். மருந்துக்கடைத் திருப்பத்தில் அவள் வண்டியை வளைத்தபோது, சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் பேருந்தின் பக்கவாட்டில் மோதி விழுந்தார். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். விசாரணை நடந்தது, கேமராவில் பதிவானதைப் பார்த்தார்கள், அவள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். வந்தவர் போனவர் எல்லோரும் அதையே சொன்னார்கள், அவளும் தலையாட்டி வைத்தாள். அழவில்லை. தூக்கம்கூடக் கெடவில்லை. எப்பேர்ப்பட்ட மனதைரியம் என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். பிறருக்கென்ன, அழாதவளைக் கண்டால் தைரியசாலி என்று பட்டம் கட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அவளிடம் தைரியமும் இல்லை, பயமும் இல்லை. உள்ளே எதுவுமே இல்லை.

ஒரு நாள் மதியம் மேலாளர் போன் செய்தார்.

"டாக்டரும் சரின்னுட்டாரு அக்கா. நாளைக்குக் காலையில வண்டி எடுக்கறீங்களா?"

"எடுக்கறேன் சார்."

"நிஜமாத்தானே? பேரைப் போட்டுடட்டுமா?"

"போடுங்க."

கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்போமே, அந்த அக்கறைகூட இல்லாமல் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு துவைத்த துணிகளை மடித்தாள். மடித்து முடித்ததும், ஏற்கெனவே மடித்திருந்த துண்டுகளைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

வீட்டில் சமையல் புருஷனுடையது. தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். அவளுக்கு மாலை நேரத்திலும் வண்டி இருந்ததால் கரண்டி அவர் கைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. அவருக்கென்று அடுப்படியில் சில சட்டங்கள் உண்டு. சால்மன் மீன் வாங்கினால் காலையிலேயே உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார். அப்போதுதான் ஈரம் வற்றும், தோல் முறுகும், சதை உதிராது என்பார். மெஷினுக்கு எண்ணெய் விடுகிற அதே கவனத்தோடு மூலைமுடுக்கெல்லாம் தடவுவார். விபத்துக்குப் பிறகு அவள் லீவில் இருந்ததால் இப்போது மாலைச் சமையல் அவளிடம் வந்திருந்தது. அன்று காலையிலும் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"மீன்ல உப்புத் தடவியாச்சு. நீ எதுவும் போடாத. சும்மா வாட்டி எடுத்தாப் போதும்."

"சரிங்க," என்றாள். வாய் சொன்னது, காதில் ஒன்றும் ஏறவில்லை.

சாயங்காலம் உருளைக்கிழங்கை வேகப் போட்டாள். பீன்ஸைக் காம்பு கிள்ளி, நசுக்கிய பூண்டோடு வெண்ணெயில் வதக்கினாள். மீன் துண்டுகளை எடுத்துக் காகிதத்தால் ஒற்றினாள். உப்பு ஜாடி கைக்கு எட்டியது. ஒரு சிட்டிகை எடுத்தாள், இன்னொன்று எடுத்தாள், தோலைத் திருப்பிப் போட்டு அங்கேயும் தூவினாள். சட்டி காய்ந்ததும் எண்ணெய் விட்டு, தோல் அடியில் இருக்கும்படி வைத்து, கரண்டியால் அமுக்கிப் பிடித்தாள். சடசடவென்று பொரிந்தது. ஆரஞ்சு நிறம் கீழேயிருந்து வெளுத்துக்கொண்டு மேலே ஏறியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதிக்கு மேல் வெளுத்ததும் திருப்பினாள், அடுப்பை அணைத்தாள், எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். ஒரு விரல்கூடச் சுட்டுக்கொள்ளவில்லை. கை தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டது.

புருஷன் வந்து கைகால் கழுவினார். மகள் புத்தகங்களை ஒதுக்கிவிட்டுத் தட்டுகளை வைத்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீல். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் தயாராக வைத்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களே கும்பிடு போட்டுவிட்டார்கள். தினமும் காலையில் பதினேழில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போவாள்.

"நாளைக்கு வண்டி எடுக்கறேன்," என்றாள் அம்மா, கிழங்கைப் பரிமாறியபடி.

புருஷன் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா," என்றார். பிறகு, "நல்லது," என்றார். அவருக்கு அதில் இஷ்டமில்லை. ஆனால் வேலைக்குப் போகிறேன் என்பவளிடம் போகாதே என்று எந்த வாயால் சொல்வது? மீனைப் பிட்டு வாயில் வைத்தார்.

அடுத்த கணம் தண்ணீர் டம்ளரைத் தேடினார். குடித்தார், மனைவியைப் பார்த்தார், அடுத்த விள்ளலை எடுத்தார். மகளும் ஒரு வாய் வைத்தாள். அவள் முகம் கோணியது. அவர் கண்ணாலேயே அவளை அடக்கினார்.

அம்மா மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். விள்ளல் விள்ளலாக, நிதானமாக. தட்டின் ஓரத்தில் கிடந்த முறுகலான தோலையும் விடவில்லை. தண்ணீரைத் தொடவில்லை. அப்பாவும் மகளும் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வக்கீலால் எவ்வளவு நேரம்தான் வாயைக் கட்ட முடியும்? "அம்மா, உனக்கு உப்புக் கரிக்கலையா?"

"கரிக்குதா என்ன?"

"கொஞ்சம் தூக்கலா இருக்கு, அவ்வளவுதான்," என்றார் அவர் அவசரமாக. "நான் காலையிலயே போட்டிருந்தேன். பரவாயில்ல விடு."

"கொஞ்சமாப்பா இது? வாய் எரியுது. அம்மா முழுசாச் சாப்பிட்டிருக்கா பாருங்க."

அம்மா தன் தட்டைப் பார்த்தாள். காலி. மகளின் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிட்டு, இந்தத் தடவை கவனித்து மென்றாள். கரித்தது. வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கரித்தது. முதல் வாயிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நாக்கு சொல்லியிருக்கும், கேட்க அங்கே ஆள் இல்லை. அப்படியானால் ஹாரன் கேட்குமா? குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவந்தால் கால் பிரேக்குக்குப் போகுமா? தெரியவில்லை. மதியம் எடுக்கறேன் என்று சொன்னபோது இது எதையும் அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மகள் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நான் ஓட்டற வண்டியில நீ ஏறுவியா?"

வக்கீல் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள், அவர் எங்கோ பார்த்தார். அவள் விரலால் பீன்ஸை ஒரு பக்கமாக ஒதுக்க ஆரம்பித்தாள். பிறந்ததிலிருந்து பதில் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்ததை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அம்மா எழுந்து கை கழுவிக்கொண்டு போனை எடுத்தாள்.

"சார், நாளைக்கு என் பேரை எடுத்துடுங்க."

"என்னக்கா இது? டாக்டரே சரின்னு சொல்லியாச்சே. உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"எம்பொண்ணு ஏற மாட்டேங்கறா சார்."

மேலாளர் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. "சரிக்கா," என்றார். "எடுத்துடறேன்."

போனை மேசையில் வைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அந்த மருந்துக்கடைத் திருப்பத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்குப் பயமாக இருந்தது.