இடது சீட்டு இல்லாத கார்

எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கும் அம்பாசடரை யாராவது காப்பி என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அது ட்ரிப்யூட், பழைய வண்டி ஒன்றுக்குச் செய்யும் மரியாதை. ஒரு காலத்தில் மதுரையில் கார் டீலர் ஒருவர் இருந்தார். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு யார் முதலில் ஏறுவது என்று எஸ்டேட்காரர்கள் போட்டி போட்ட காலம் அது. அவர்களுக்காகவே தன் கடைக்கு வந்த புது வண்டிகள் சிலவற்றில் பெரிய இன்ஜினும் இரட்டைக் கார்புரேட்டரும் வைத்து, பானட்டுக்குக் கறுப்பு அடித்து விற்றார். விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் செய்தார். அவற்றில் ஒன்றுகூட இன்று ஓடுவதாகத் தெரியவில்லை. என்னைப் போன்ற பைத்தியங்கள் சிலர் சாதாரண அம்பாசடரை வாங்கி, அந்த வண்டி எப்படி இருந்ததோ அப்படியே செய்து பார்க்கிறோம். ஒரிஜினல் என்று சொல்லி யாரையும் ஏமாற்றுவதில்லை. என் மனைவி அதற்கு 'ஜெராக்ஸ் கார்' என்று பெயர் வைத்தாள்.

அவள் கணக்கு டீச்சர். நான் கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில் வீட்டை ஒட்டிய அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவன். வருகிறவர்களின் கார்கள் மழையில் நனைந்தபடி ரோட்டில் நிற்கும். என் வண்டி மட்டும் ஷெட்டுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கும்.

இந்த வண்டிப் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் வண்டியின் போட்டோவைப் போட்டால் அழகாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கண்ணாடியில் ஸ்டார் ஸ்குரூ போட்டிருக்கிறீர்களே, அந்த வண்டியில் அது ஏது என்பார்கள். நான் மட்டும் லேசுப்பட்டவனா? கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மஞ்சள் விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டார் என்று அவரை நச்சரித்து, கடைசியில் பம்பரையே கழற்ற வைத்தவன் நான்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்ட மனைவி பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவளுடைய பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் கடைசி நாளன்று மாலை போட்டு, பலூன் கட்டிய வேனில் ஏற்றி, எல்லா டீச்சர்களும் கூடவே போய் வீட்டில் விட்டு வருவது வழக்கம்.

"டீச்சர்மாரு வேணும்னா வேன்ல வரட்டும். நான் உங்க கார்லதான் வீட்டுக்கு வருவேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேங்க. அதுக்குள்ள ஓடுமா?"

"ஜம்முனு ஓடும்."

"அன்னைக்கு என் மானத்த வாங்கிராதீங்க."

வண்டி ஜம்மென்றுதான் ஓடியது. அவள் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு குழுவில் ஒருவர் பழைய போட்டோ ஒன்றைப் போட்டார். அந்த டீலர் செய்த வண்டியின் உட்புறம். அதுவரை யாரும் பார்த்திராதது. டிரைவர் சீட்டைத் தவிர அதில் வேறு சீட்டே இல்லை. எடை குறைய வேண்டும் என்று பின் சீட்டை எடுத்துவிட்டிருந்தார்கள். இடது பக்கம் சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டெப்னி டயரைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வெள்ளனே, வத்தலக்குண்டு ரோட்டில் கீழே இருக்கும் பெருமாள்மலைக்குப் போய், வழக்கமாக வேலை செய்யும் மெக்கானிக்கிடம் நின்று எல்லாவற்றையும் கழற்ற வைத்தேன். அந்த நேரத்தில் சீட்டு என்பது எனக்குத் தப்பான ஒரு ஸ்பேர் பார்ட். அதில் ஆள் உட்காருவார்கள் என்பது ஞாபகத்திலேயே இல்லை. ஸ்டெப்னியை முடுக்கி முடித்ததும் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். முதல்முறையாக ஒருவரும் குறை சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. கோட்டு போட்டுக்கொண்டு பள்ளி வாசலில் போய் நிறுத்தினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மனைவி பட்டுப்புடவையும் ரோஜா மாலையுமாக வந்தாள். தலைமை ஆசிரியை தானே வந்து இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டார். கைதட்டல் நின்றது.

"இது என்னங்க?" என்றாள் மனைவி.

"ஸ்டெப்னி."

"அது தெரியுது. நான் எங்க உக்கார?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "ஒரிஜினல்ல இப்படித்தான்மா இருக்கு" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவளை வாசலில் நிற்க வைத்துவிட்டேன். அவள் மாலையைக் கழற்றினாள். வேனில் ஏறப்போகிறாள் என்று நினைத்தேன். மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

கல்யாணத்துக்கு முன்னால் பூண்டி மலைக்கிராமத்திலிருந்து பூண்டு மூட்டை ஏற்றிவரும் தன் அப்பாவின் ஜீப்பை ஓட்டியவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் எப்போதும் நான்தான் ஓட்டினேன். ஏன் என்று இருவருமே கேட்டதில்லை.

"கிளட்ச் கொஞ்சம் டைட்டா இருக்கும், பாத்து…"

"தள்ளி நில்லுங்க."

கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது.

வேனில் பலூன் கட்டிய முன் சீட்டு ஒன்றுதான் காலியாக இருந்தது. என்னை அதில் உட்கார வைத்தார்கள். கழுத்தில் மாலை, மடியில் பள்ளியில் அவளுக்குப் பரிசாகக் கொடுத்த சுவர்க்கடிகாரம், வேன் முகப்பில் 'பணி நிறைவு வாழ்த்துகள்' என்று பேனர். டீக்கடையில் நின்றவர்கள், "சார், இனிமேயாவது நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். நான் கும்பிடு போட்டேன். வேறென்ன செய்வது?

முன்னால் எங்கேயோ ஒரு திருப்பத்தில் அவள் கியர் மாற்றுவது கேட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் மாரடித்தேன். ஆனால் உள்ளே உட்கார்ந்து ஓட்டும்போது தகரம் அதிர்வதுதான் கேட்கும். வெளியே இருந்து கேட்டது அன்றுதான். உடம்பு சிலிர்த்தது. பொறாமையாகவும் இருந்தது. என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள்.

வீட்டு வாசலில் வேன் நின்றது. டீச்சர்கள் பூங்கொத்தோடு இறங்கினார்கள். ஷெட் திறந்தபடி காலியாகக் கிடந்தது. கார் வரவே இல்லை. எங்காவது பள்ளத்தில் இறங்கிவிட்டதோ என்று நான் ரோட்டுக்கு ஓடியபோது போன் அடித்தது.

"பெருமாள்மலைல நிக்கிறேங்க. டீச்சர்மார உள்ள கூப்பிட்டுக் காபி போட்டுக் குடுங்க" என்றாள். பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "நான் அடிவாரம் வரைக்கும் எறங்கிட்டு, அப்படியே ஏறி வர்றேன். ஏறத்தான இத செஞ்சாங்க?"